பதின்மூன்று சென்ட் தபால்தலை

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் இன்பத்தை நாம் விட்டுவிட்டு வந்தது அடுக்களை வாசலில், கையில் ஒரு தபால் கார்டோடு. "சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உறையைப் பார்க்க வேண்டும். இராமகிருஷ்ணன், மெட்ராஸ்" என்று அதில் எழுதியிருந்தது. கார்டு வந்த நாளிலிருந்து அவள் கணவர் ஞானசீலன் வாத்தியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழம்பில் உப்புக் கூடுதலா குறைவா என்றுகூட அவர் சொல்லவில்லை. உப்பைப் பற்றிப் பேசாத ஞானசீலனை இன்பம் முப்பத்திரண்டு வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை இன்றைக்குத்தான்.

விடிவதற்கு முன்பே சவரம் பண்ணி, கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ரயிலடிக்குப் போக ஒரு மணி நேரம் முன்னதாகவே தயாராகி நின்றார் ஞானசீலன்.

"பெட்டிச் சாவி ஒங்கிட்டதான இருக்கு?"

"என் இடுப்புலதான் இருக்கு. கால் மொளச்சு எங்கயும் போயிராது."

"நான் வந்துதான் தெறப்பேன். அவுக கண்ணு முன்னால தெறக்கணும். நீ எடுத்துத் தூசி தட்டி வைக்கேன்னு எதுவும் பண்ணிராத."

"நான் எதுக்கு அதத் தொடப்போறேன்" என்றாள் இன்பம். சொன்ன கையோடு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொய் சொல்லும்போது அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது.

அவர் போன பிறகும் வெகுநேரம் அவள் இட்லித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 1927ஆம் வருஷத்து நினைப்பு வந்துவிட்டது. அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அவளுக்கு அந்த வருஷம் வந்துவிடும்.

கல்யாணம் ஆகிப் பதினேழாவது நாள். இன்பத்துக்கு வயது பத்தொன்பது. காரியாபட்டிப் பக்கம் ஒரு பழைய மிஷன் பங்களாவை வெள்ளையடிக்க ஒழித்தார்கள். வேண்டாத காகிதங்களை முற்றத்தில் குவித்துக் கொளுத்தப் போன நேரத்தில் மாப்பிள்ளை வாத்தியார் குறுக்கே விழுந்து ஒரு கட்டைக் காப்பாற்றி, சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்குச் சந்தைநாள். புருஷன் பூ வாங்கி வருவார் என்று தலையைப் பின்னி வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்ணின் மடியில் கறையான் அரித்த காகிதக் கட்டு வந்து விழுந்தது.

அதற்குள்ளே இருந்ததுதான் அந்த உறை. ஹொனலூலுவில் இருந்த ஒரு அமெரிக்கப் பாதிரியார் 1852இல் எழுதியது. ஹவாய்த் தீவிலிருந்து கப்பலேறி, பாஸ்டன் போய், அங்கிருந்து மறுபடி கப்பலேறி மதுரைச் சீமையிலிருந்த சக ஊழியரின் மனைவிக்கு வந்து சேர்ந்திருந்தது. மூலையில் நீலத்தில் ஒரு சின்னத் தபால்தலை. நடுவில் 13 என்ற எண், சுற்றிலும் கல்யாணப் பத்திரிகையில் வருகிற மாதிரிப் பூவேலைச் சட்டம். ராஜா தலை கிடையாது, ராணி தலையும் கிடையாது.

"இத அடுப்பெரிக்கவா கொண்டாந்தீக?" என்று கேட்டுவிட்டாள் புதுப்பெண்.

ஞானசீலன் சிரித்தார். ஆனால் முகம் தொங்கிப்போயிற்று. அன்றைக்குக் கட்டை எடுத்துக்கொண்டு போனவர்தான், அதற்குப் பிறகு எந்த உறையையும் அவளைக் கூப்பிட்டுக் காட்டியதில்லை.

அவர் கெட்டிக்காரர். அது ஹவாயின் முதல் தபால்தலைகளில் ஒன்று என்பதையும், உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கின்றன என்பதையும், பெரும்பாலும் பாதிரிமார் ஒட்டி அனுப்பியதால் சேகரிப்பாளர்கள் அவற்றை 'மிஷனரி' என்றே அழைப்பார்கள் என்பதையும் கடிதம் எழுதி எழுதித் தெரிந்துகொண்டார். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் வெளிநாட்டுத் தபால்தலை வாங்க முடியுமா? அதற்கும் வழி கண்டுபிடித்தார். வெள்ளைக்காரர்களில் தீப்பெட்டி லேபிள் சேர்க்கிற பைத்தியங்களும் உண்டு. சிவகாசி லேபிள்களை இங்கிருந்து அனுப்பினால் அங்கிருந்து ஹவாய்த் தபால்தலை வரும். ஒரு பக்கம் மயிலும் மானும் சேவலும் கப்பலேறிப் போக, மறுபக்கம் ஹவாயின் கமேஹமேஹா ராஜாக்கள் வந்து பெட்டியில் குடியேறினார்கள். உறைகள் மட்டும் இருபத்தாறு சேர்ந்தன. ஆனாலும் அந்தப் பதின்மூன்று சென்ட்தான் அவருக்குத் தலைப்பிள்ளை.

1938இல் ஒரு தரம் ஆசையாக மதுரைக்கு எடுத்துப்போய் ஒரு கண்காட்சியில் வைத்தார். வந்த பெரிய மனிதர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சிவகாசிப் பக்கந்தானே ஓய்? அங்கே என்னதான் அச்சடிக்க மாட்டான்" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானசீலன் உறையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு பெட்டி யாருக்கும் திறக்கவில்லை.

போன ஆகஸ்டில் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமானதாகச் செய்தித்தாள்களில் படத்தோடு வந்தது. வாத்தியாருக்குப் பழைய ரோசம் கிளம்பியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் வேறே. மெட்ராஸில் ஹவாய்த் தபால்தலை தெரிந்தவர் இராமகிருஷ்ணன் ஒருவர்தான் என்று கேள்விப்பட்டு எழுதினார். அவர் வாயால் 'இது நிஜம்' என்று ஒரு சொல் வந்தால் போதும். அதை விற்கவா போகிறார்? இருபத்தோரு வருஷத்துச் சிரிப்பை ஒரு சொல்லால் துடைக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

"அம்மா."

பின்வாசலில் மகன் சேசுராஜ் நின்றான். சிவகாசியில் லித்தோ என்கிற கல்லச்சு பிரஸ் ஒன்றில் லேபிள் படம் எழுதுகிற ஆர்டிஸ்ட். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான், விரல் நுனியெல்லாம் சிவப்பு மை.

"ஏலே சேசு, தீவாளி சீசன் நேரத்துல எப்பிடிலே வந்த? லோடு போற நேரம், லீவு குடுக்க மாட்டாகன்னியே?"

"ஒரு நாள் கேட்டு வந்தேம்மா. அப்பாவுக்கு இன்னைக்குப் பெரிய நாள்ல. ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மிக்கல் மேல் வைத்தான். 'ஹவாய் சரவெடி' என்று மஞ்சளில் கொட்டை எழுத்து. எழுத்துக்குக் கீழே நீலச் சட்டம், பூவேலை, நடுவில் 13.

இன்பம் அதைக் குனிந்து பார்த்தாள்.

"என்னலே இது?"

"நம்ம ஸ்டாம்புதாம்மா." அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "அப்பா சபைக் கன்வென்ஷனுக்குப் போயிருந்தப்ப நீ பெட்டியத் தெறந்து குடுத்தேல்ல? ரிட்டையர் ஆனதுக்குப் படம் எழுதிச் சட்டம் போட்டுக் குடுக்கலாம்னு பாத்து எழுதினேன்ல, அந்தப் படந்தான். பிரஸ்ல என் மேசைல கெடந்துச்சு. நாரணாபுரத்துக் கம்பெனி மொதலாளி ஆர்டர் குடுக்க வந்தாரு. பேப்பரெல்லாம் ஹவாய் ஹவாய்ங்கான், அந்தப் பேர்ல ஒரு வெடி போடணும், என்ன படம் போடலாம்னு கேட்டாரு. நம்ம படத்தப் பாத்ததும் இதுதான்னுட்டாரு. ரெண்டு லெச்சம் லேபிள் போயிருக்கும்மா."

சிவகாசிக்காரர்களிடம் இதுதான் சங்கடம். செய்தித்தாளில் எது பெரிய எழுத்தில் வருகிறதோ, அது அந்தத் தீபாவளிக்கு வெடியாகிவிடும். கண்ணில் பட்ட நல்ல படம் எதுவாக இருந்தாலும் லேபிளாகிவிடும். யார் படம், யாரைக் கேட்டோம் என்கிற பேச்சே கிடையாது. பால் டப்பா மேலிருக்கிற ராணி படத்தை ஒருவன் எழுதினால் மறுவாரமே நாலு பேர் அதைப் பார்த்து எழுதுவார்கள். சேசுராஜ் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன். தப்பு செய்திருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

இன்பம் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். பூவேலை அச்சு அசலாக இருந்தது. ஆனால் இடது கீழ் மூலையில் ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது. என்னவென்று யோசிக்க நேரம் இல்லை.

"அப்பா இதப் பாத்தா என்ன ஆகும் தெரியுமாலே? சிவகாசில அச்சடிச்சதுன்னு சொன்னதுக்கு அந்த மனுசன் ரெண்டு நாள் பட்டினி கெடந்தாரு. அவுக வந்து பாக்கிற இன்னைக்குப் போயி நீ..."

சேசுராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துபோயிற்று.

"ஒளிச்சு வை. அவுக போற வரைக்கும் நீ இங்கனயே இரி. வாயத் தெறக்காத."

பொட்டலத்தை அரிசிப் பானைக்குள் புதைத்துக் கையை உதறியபோது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

இராமகிருஷ்ணன் ஒல்லியான மனிதர், கையில் குடையும் தோல்பையும். குனிந்து உள்ளே வந்து கும்பிட்டார். பின்னால் ஞானசீலன் வந்தார். ரயிலடிக்குத் துள்ளிக்கொண்டு போன மனுஷர், காய்ச்சல்காரரைப் போல வந்து நின்றார்.

வந்தவர் தோல்பையைத் திறந்தார். பூதக்கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தார்.

ஹவாய் சரவெடி.

"வர்ற வழியில பஜார்ல தங்கச்சாமின்னு ஒருத்தர் கடை. பேத்திக்கு ஏதாவது வாங்கலாம்னு நின்னேன். தோரணமா தொங்கவிட்டிருக்காங்க" என்றார் அவர் மெல்லிய குரலில். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அதுவே இன்பத்துக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவள் சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். ஞானசீலன் பெட்டியைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றிய உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். இன்பம் காப்பி கொண்டுவந்தாள். காப்பியை வைத்துவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். பக்கத்தில் சேசுராஜ் நின்றான்.

பூதக்கண்ணாடி உறையின் மேல் ஊர்ந்தது. பிறகு பொட்டலத்தின் மேல் ஊர்ந்தது. திரும்பவும் உறைக்கு வந்தது. கருப்பட்டிக் காப்பி தொடாமலே ஆறியது.

"இதை வேற யாருக்காவது காட்டியிருக்கீங்களா சார்?"

"முப்பத்தெட்டுல மதுரையில காட்டினேன். ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் இல்லை. பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை."

"வீட்டுல?"

"சாவி வீட்டுக்காரிகிட்ட இருக்கும். அவளுக்கு இதுல ஒரு நாளும் அக்கறை கிடையாது. தொடக்கூட மாட்டா."

கதவுக்குப் பின்னால் இன்பம் அதைக் கேட்டாள். எத்தனையோ பேரிடம் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு மட்டும் அது நெஞ்சில் போய்க் குத்திற்று.

இராமகிருஷ்ணன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் படம் லேபிள்ல கோட்டுக்குக் கோடு இருக்கு. புஸ்தகத்துல பார்த்து எழுதினதுன்னு சொல்ல முடியாது, புஸ்தகத்துல இவ்வளவு துல்லியமா வராது. நேர்ல வச்சு எழுதியிருக்காங்க. உங்க பெட்டியிலேருந்து பிரஸ்ஸுக்கு இது போகலைன்னா, பிரஸ்ஸிலேருந்துதான் பெட்டிக்கு வந்திருக்கணும். நான் சொல்லலை. மெட்ராஸ்ல நாலு பேர் கேட்பாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

  வாழ்க்கையில் பொய் பேசாத ஞானசீலன், தான் சொன்ன நிஜத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றார்.

சேசுராஜ் கதவைத் தள்ளப் போனான். இன்பம் அவன் கையைப் பிடித்தாள். இவன் போய்ச் சொன்னால், 'பெட்டியை யார் திறந்தது' என்ற அடுத்த கேள்வி வரும். சொல்லாமல் இருந்தால் சாவியை நம்பிக் கொடுத்தவர் நம்பிக்கையாவது மிஞ்சும். உறை பொய்யாகிவிடும். சொன்னால் உறை பிழைக்கும். அவள் பொய்யாகிவிடுவாள். முப்பத்திரண்டு வருஷமாகக் கட்டிக் காத்தது இரண்டில் ஒன்று இன்றைக்குப் போகத்தான் போகிறது.

மகனின் கையை விட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள்.

"பெட்டியிலருந்துதான் போச்சு" என்றாள். "நான்தான் தெறந்து குடுத்தேன். எம் மகனுக்கு. ஆகஸ்டு மாசம், இவுக ஊர்ல இல்லாதப்ப."

ஞானசீலன் அவளைத் திரும்பிப் பார்த்தார். தெருவில் போகிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போன்ற பார்வை. அதை அவளால் தாங்க முடியவில்லை, ஆனாலும் நின்றாள்.

பின்னாலேயே சேசுராஜ் வந்து, படம் எழுதியது, மேசையில் கிடந்தது, முதலாளி கேட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். இராமகிருஷ்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம்மா. ஆனா மனைவியும் மகனும் சொல்றதை யாரும் சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க."

"சாட்சி அந்தப் பொட்டலத்துலயே இருக்குய்யா" என்றாள் இன்பம்.

காலையில் கண்ணை உறுத்தியது என்னவென்று, அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேசைக்குப் போய்ப் பொட்டலத்தின் மூலையில் விரலை வைத்தாள்.

"இங்கன ஒரு வளைவுக் கோடு இருக்கு பாருங்க, பளுப்பா. இது இந்த ஒரு மூலையில மட்டுந்தான இருக்கு? பூவேலையா இருந்தா நாலு மூலையிலயும்ல வரணும்."

அவர் குனிந்தார்.

"அது ஸ்டாம்புல அச்சடிச்சது இல்ல. ஸ்டாம்புக்கு மேல ஹொனலூலு தபாலாபீஸ்காரன் குத்துன முத்திரை. செவப்பா இருந்து நாள்பட்டுப் பளுத்துப்போச்சு. கவரப் பாருங்க. அந்த வளைவு ஸ்டாம்ப விட்டு எறங்கி, காயிதத்துல போயி வட்டமா முடியுது. இவன் ஸ்டாம்ப மட்டும் பாத்து எழுதினான். அதனால வட்டத்துல கால்வாசிய ஓரத்தோட வெட்டி விட்டுட்டான். இந்த ஸ்டாம்பு பிரஸ்ல பெறந்ததுன்னா, அந்தக் கால்வாசி லேபிளுக்குள்ள எதுக்குய்யா வரப் போகுது? இந்தக் கவரப் பாத்து எழுதினவனுக்குத்தான் இந்தத் தப்பு வரும்."

இராமகிருஷ்ணன் பொட்டலத்தை உறைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துப் பார்த்தார்.

"நான் அதப் பூவேலைன்னுல்லா நெனச்சேன்" என்றான் சேசுராஜ். ரெண்டு லட்சம் லேபிளில் தன் தப்பு போயிருக்கிறது என்ற வருத்தம் அந்த நேரத்திலும் அவன் குரலில் தெரிந்தது.

இராமகிருஷ்ணன் உறையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். சேசுராஜும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனான். "எழுத்து காயிதத்துல அமுங்கியிருக்கு பாருங்க சார். இது ஈய எழுத்துக் கோத்து அடிச்சது. எங்க கல்லு அச்சுல இப்பிடி அமுங்காது, வளவளன்னுதான் விழும்" என்றான். அவர் தலையை ஆட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"எனக்குச் சந்தேகம் இல்லை சார்" என்றார் ஞானசீலனிடம். "இது நிஜம்."

இருபத்தோரு வருஷமாகக் காத்திருந்த சொல் வந்துவிட்டது. ஞானசீலன் அதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. அவர் இன்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று வந்தவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார் ஞானசீலன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். வந்தவர் சைவமா அசைவமா என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டு, இன்பம் முருங்கைக்காய்ச் சாம்பாரும் முட்டைக் குழம்பும் இரண்டுமே வைத்திருந்தாள். அவர் இரண்டையும் சாப்பிட்டார். கிளம்பும்போது பையிலிருந்து அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டிசம்பரில் மெட்ராஸில் நிபுணர்கள் நாலு பேர் கூடுகிறார்கள். உறையை அவர்கள் முன்னால் வைத்து அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு உலகத்தில் யாரும் வாய் பேச முடியாது. ஆனால் உடைமையாளர் நேரில் வர வேண்டும். எங்கே கிடைத்தது, எப்படிப் பாதுகாத்தது, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். படிவம் திங்கட்கிழமை தபாலில் சேர வேண்டும்.

வண்டி ஏற்றிவிட்டு அப்பாவும் மகனும் திரும்பி வந்தார்கள். சேசுராஜ் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட்டான். வாசல்படியில் ஞானசீலன் அவன் தோளைத் தொட்டார்.

"படம் நல்லாத்தான் எழுதியிருக்கே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

பிறகு வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். அந்தி வெளிச்சம் இன்னும் இருந்தது. பஜார் பக்கம் யாரோ அவசரக்காரர்கள் தீபாவளிக்கு முன்பே வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானசீலன் மேசை முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எத்தன தடவ தெறந்திருக்க?"

பொய் சொல்லலாமா என்று இன்பம் ஒரு கணம் நினைத்தாள். காலையில் சொன்ன பொய்யே போதும் என்றிருந்தது.

"எண்ணல."

"எப்பலருந்து?"

"கல்யாணம் ஆன வருசத்துலருந்தே. நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போன பெறகு. வேலையெல்லாம் முடிச்சிட்டு, கையக் களுவித் தொடச்சிட்டுத்தான் தொடுவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள்.  இத்தனை வருஷம் உள்ளேயே வைத்திருந்ததை இன்றைக்கு விட்டால் என்றைக்கும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அடுப்பெரிக்கவான்னு ஒரு நாள் கேட்டுட்டேன். பத்தொம்பது வயசுல, பூவு வரலையேன்னு ஆத்தாமையில கேட்டது. நீங்க மொகம் வாடி எந்திரிச்சுப் போனதப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கல. என்ன இருக்குன்னு பாப்பம்னு மறுநாள் தெறந்தேன். பாக்கப் பாக்க எனக்கே புடிச்சுப்போச்சு. கப்பல்ல, கடல்ல, யாரோ ஒரு பொம்பளைக்கு எம்புட்டுத் தூரத்துலருந்து ஒரு கடுதாசி. அதச் சொல்லணும்னு எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வரும். நீங்க ஒரு நாளாவது, இன்பம் இங்கன வா, இதப் பாருன்னு கூப்பிட்டீகளா?"

 மேசையில் அவர் பேனா வெகுநேரம் கிறுக்கும் சத்தம் கேட்டது. எழுந்தார். மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைத் தாண்டி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"எங்க போறீக இந்நேரத்துல?"

"கோயில் வரைக்கும் நடந்துட்டு வாரேன்." படியிறங்கியவர், திரும்பாமலே நின்று சொன்னார். "பொட்டலத்தப் பாத்ததும் எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு. முத்திரை எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்கு வாய் வரல. நீதான் பேசுன. படிவத்தப் பாரு."

கோபமா, வேறு ஏதாவதா என்று அந்தக் குரலிலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விளக்கைப் போட்டு மேசைக்கு வந்தாள்.

படிவத்தில் ஊர், தேதி, கிடைத்த விவரம் எல்லாம் வாத்தியாரின் முத்து முத்தான எழுத்தில் நிரப்பியிருந்தது. அடியில் 'சாட்சி' என்ற இடத்தில் 'ஞானசீலன்' என்று கையெழுத்து. அதற்கு மேலே 'உடைமையாளர்' என்ற இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தின் மேல் மூடி கழற்றிய பேனாவை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இன்பத்துக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மெட்ராஸில் நாலு ஆண்பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். மதுரையைத் தாண்டி அவள் ரயில் ஏறியதே இல்லை. கடைசியாகத் தன் பெயரை மையால் எழுதியது வேதக்கோயில் கல்யாணப் பதிவேட்டில்.

பேனாவை எடுத்தாள். திரும்ப வைத்தாள். திங்கட்கிழமைத் தபாலுக்கு முன்னால் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.